இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு வேலைநிறுத்தம்

"பேறுகால மருந்தெல்லாம் இடிச்சு வச்சாச்சு. இப்போ போறதா வேண்டாமா, அதைச் சொல்லு." அக்கா மதுரையிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். டொரொன்டோவில் மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. பயணத்துக்கு ஐந்து நாள் பாக்கி. மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஐரோப்பிய நகரம் ஒன்று, அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு டொரொன்டோ. அந்த ஐரோப்பிய விமான நிறுவனத்தின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டதாக அன்று காலை செய்தி வந்திருந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் கதை ஏறத்தாழ இதேதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை. பெங்களூரில் இருக்கும் தம்பி மகன், உடனே ரத்து செய்துவிட்டு துபாய் வழியாக வேறு டிக்கெட் எடுக்கச் சொன்னான். மாப்பிள்ளை டொரொன்டோவிலிருந்து, கடைசி நேரத்தில் எப்படியும் சமரசம் ஆகிவிடும், பதற வேண்டாம் என்று எழுதினார். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், அந்தக் காலத்துக் கப்பலே தேவலை என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். உருப்படியாகப் பேசியவர் டிக்கெட் எடுத்துக்கொடுத்த எழும்பூர் ஏஜென்ட் மட்டும்தான். "சார், நீங்களா கேன்சல் பண்ணாதீங்க. அவங்க பண்ணட்டும்."

கேட்க அலட்சியமாகத் தோன்றும் இந்தப் பேச்சில் ஒரு முழுச் சட்டப் பாடம் இருக்கிறது. வேலைநிறுத்தம் வரும் என்று பயந்து பயணி தானாக ரத்து செய்தால், அது சாதாரண ரத்து. மலிவு டிக்கெட்டாக இருந்தால் வரிப்பணம் தவிர வேறெதுவும் திரும்பி வராது. நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு விமானத்தில் இடம் தர வேண்டும். அதே பயணி, அதே டிக்கெட். யார் முதலில் கைவைக்கிறார்கள் என்பதில் மட்டும் ஒரு லட்சம் ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகிறது. இடையில் ஒரு கதவும் திறக்கும். வேலைநிறுத்தம் ஏறத்தாழ உறுதி என்ற நிலையில், குறிப்பிட்ட நாள்களுக்குள் பயணம் செய்வோர் கட்டணமின்றித் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனங்கள் பல நேரம் அறிவிக்கின்றன. அந்த அறிவிப்பு வந்த முதல் மணி நேரத்தில் மாற்றிக்கொள்பவருக்கு நல்ல இருக்கை. மறுநாள் கேட்பவருக்கு அடுத்த வாரம்.

சரி, வேலைநிறுத்தம் நடக்குமா நடக்காதா என்று ஊகித்துப் பார்க்கலாமே என்றால், அது வீண் வேலை. 2022 செப்டம்பர் 2ஆம் தேதி லுஃப்தான்சா விமானிகள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 800 விமானங்கள் ரத்தாயின. 1,30,000 பேருக்குப் பயணம் குலைந்தது. டெல்லி விமான நிலையத்தில் பிரான்க்ஃபர்ட்டுக்கும் மியூனிக்குக்கும் போக வேண்டிய சுமார் 700 பேர் நின்றுவிட, அவர்களின் உறவினர்கள் மூன்றாம் முனையத்தின் வாசலில் திரண்டு சாலையே அடைபட்டது. நான்கே நாள் கழித்து அதே விமானிகள் சங்கம் இரண்டாம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக நின்றது. முந்தின நாள் உடன்பாடு ஏற்பட்டு அது கைவிடப்பட்டது. ஒரே வாரம், ஒரே சங்கம், ஒரே நிறுவனம். ஒன்று நடந்தது, ஒன்று நடக்கவில்லை. மூடிய அறைக்குள் பேசுபவர்களுக்கே இரவு பன்னிரண்டு மணி வரை தெரியாத முடிவை, மதுரையில் உட்கார்ந்து நாம் எப்படிச் சொல்வது?

நிறுவனங்களே தடுமாறுகின்றன. 2019 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் அந்நிறுவன வரலாற்றில் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குமுன் ஆகஸ்டிலேயே, பாதிக்கப்படாத நாள்களில் பயணம் செய்ய இருந்தவர்களுக்கும் 'உங்கள் விமானம் ரத்து' என்று தவறுதலாக மின்னஞ்சல் போய்விட்டது. அதை நம்பி வேறு டிக்கெட் எடுத்தவர்கள் இருந்தார்கள். மின்னஞ்சல் வந்தாலும் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நேரடி விமானத்தில் போகிறவருக்குக் கவலை ஒன்றுதான்: விமானம் உண்டா, இல்லையா. இணைப்பு விமானத்தில் போகிறவரின் கவலை வேறு மாதிரி. பாதி வழியில் நின்றுவிட்டால்? அக்காவின் பயத்தில் பிள்ளைப்பேறு பாதி, இந்தக் கேள்வி பாதி. கிளம்பாமல் வீட்டில் இருப்பது பெரிய விஷயமில்லை. கிளம்பிய பிறகு, மொழி தெரியாத ஓர் ஊரின் விமான நிலையத்தில், சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வராமல், இரண்டு நாள் கிடப்பது பெரிய விஷயம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தம் திங்கட்கிழமை, நம் பயணம் செவ்வாய் அதிகாலை, எனவே தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்க்ஃபர்ட்டிலிருந்து பகலில் புறப்படும் விமானம் நள்ளிரவை ஒட்டிச் சென்னையில் இறங்குகிறது. இரண்டொரு மணி நேரத்தில் அதே விமானம்தான் செவ்வாய் அதிகாலைப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. திங்கட்கிழமை அங்கே கிளம்பாத விமானம் செவ்வாய்க்கிழமை இங்கே இருக்காது. வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளும் இப்படித்தான். விமானங்கள் ஓரிடத்தில், விமானிகள் வேறிடத்தில், முந்தின நாள் ஏறாத பயணிகள் எல்லா இடங்களிலும். ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றால் மூன்று நாள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் 2025 ஆகஸ்டில் நடந்ததை இதற்கு நல்ல பாடமாகச் சொல்லலாம். ஏர் கனடாவின் விமானப் பணியாளர்கள் சுமார் 10,000 பேர். அவர்களின் ஊதிய ஒப்பந்தம் அந்த ஆண்டு மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்திருந்தது. ஆகஸ்ட் 13 அன்று சங்கம் 72 மணி நேர முன்னறிவிப்புக் கொடுத்தது. நிறுவனம் பதிலுக்குக் கதவடைப்பு அறிவிப்புக் கொடுத்தது. கவனியுங்கள்: வேலைநிறுத்தம் தொடங்கியது 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.58 மணிக்கு. விமானங்களின் ரத்து அதற்கு இரண்டு நாள் முன்பே, 14ஆம் தேதியே தொடங்கிவிட்டது. விமானங்களும் பணியாளர்களும் வெளிநாட்டு நகரங்களில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று நிறுவனம் படிப்படியாகச் சேவையை மடித்துவைத்தது. எனவே முன்னறிவிப்பு நாளுக்கும் வேலைநிறுத்த நாளுக்கும் நடுவில் இருப்பவர் பத்திரமாக இருக்கிறார் என்பது கிடையாது.

அந்த நிறுவனம் சாதாரணமாக நாளொன்றுக்குச் சுமார் 1,30,000 பேரை ஏற்றிச்செல்கிறது. பள்ளி விடுமுறையின் கடைசி வாரங்கள் அவை. டொரொன்டோத் தமிழர்களுக்கோ அது நல்லூர்த் திருவிழாக் காலம். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் போனவர்கள் பிள்ளைகளோடு திரும்பிக்கொண்டிருக்கும் நேரம். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அதே பெயரில் குறுந்தொலைவுக்குப் பறக்கும் ஏர் கனடா எக்ஸ்பிரஸ் விமானங்களை வேறு நிறுவனங்கள் இயக்குவதால் அவை வழக்கம்போல் பறந்தன. சின்ன ஊரிலிருந்து டொரொன்டோ வரை கொண்டுவந்து இறக்கிவிட விமானம் உண்டு. அங்கிருந்து கடல் தாண்ட விமானம் இல்லை. முதல் கால் எடுத்து வைத்தவர் நடுவழியில் நிற்பது இப்படித்தான்.

கனடாவின் மத்திய அரசு பன்னிரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. தொழிலாளர் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் பயன்படுத்தி வேலைக்குத் திரும்ப உத்தரவிடச் செய்தது. சங்கம் மறுத்தது. வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட மறுநாள், 19ஆம் தேதி அதிகாலையில், பேச்சுவார்த்தையில் உடன்பாடு வந்தது. சேவை முழுதாகச் சீரடைய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்றது நிறுவனம். மொத்தத்தில் 5 லட்சம் பேரின் பயணம் பாதிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பணியாளர்கள் கேட்டதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதுவரை விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்குச் சம்பளக் கடிகாரம் ஓடியது. பயணிகளை ஏற்றுவது, பெட்டிகளை அடுக்கிக் கொடுப்பது, தாமதமானால் கதவு திறந்த விமானத்தில் முணுமுணுப்புகளைக் கேட்டுக்கொண்டு நிற்பது, எல்லாம் இலவசம். அக்காவைப் போன்ற ஒருத்தியைக் கைபிடித்து இருக்கையில் அமர்த்துவதும் அந்த இலவச உழைப்பில்தான் அடங்கியது. இதற்கு ஊதியம் கேட்டவர்களைப் பயணிகளைப் பணயம் வைத்தவர்கள் என்று திட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பிறகு செப்டம்பரில் அந்த உடன்பாட்டின் ஊதியப் பகுதியை உறுப்பினர்களில் 99 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் கோபம் போக வேண்டிய இடம் வேறு.

அந்த இடத்துக்கு வருமுன் டிக்கெட்டின் கட்டமைப்பைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் வேலைநிறுத்த நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதிப் பதில், டிக்கெட் எடுத்த அன்றே எழுதப்பட்டுவிடுகிறது.

சென்னையிலிருந்து டொரொன்டோ வரை ஒரே பிஎன்ஆரில் இருந்தால், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும், இரண்டாவது ரத்தானாலும், அடுத்த வழியை அவர்கள் தேட வேண்டும். பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகும். இதையே இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் நிறுவனங்களின் பார்வையில் நீங்கள் இரண்டு தனி ஆள்கள். முதல் நிறுவனம் உங்களை நடுவூரில் இறக்கியதும் கைகழுவிவிடும்; இரண்டாம் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். வெளியே வர விசா வேண்டும்.

அக்காவின் விஷயத்தில் மாப்பிள்ளை ஒரு சிக்கனம் செய்திருந்தார். சென்னை–டொரொன்டோ ஒரே டிக்கெட். மதுரை–சென்னை மட்டும் உள்நாட்டு நிறுவனத்தில் தனியாக. அதில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். உள்நாட்டு டிக்கெட்டில் இலவசமாகக் கொண்டுபோகக் கூடியது பதினைந்து கிலோ. அக்கா கட்டிவைத்திருந்ததோ இரண்டு பெட்டியில் நாற்பத்தைந்து கிலோ; மருந்துப்பொடி, பருப்புப்பொடி, பழைய வேட்டித்துணி, வெள்ளைப் பூண்டு, குழந்தைக்கு வெள்ளி அரைஞாண். மிச்சம்பிடித்த பணம் கூடுதல் எடைக்கே காணாது. அதை விடுங்கள். சென்னை விமானத்தின் தேதி மாறினால் மதுரை டிக்கெட் தானாக மாறாது, அந்தப் பணம் போயிற்று என்பதுதான் இங்கே விஷயம்.

ஒரே டிக்கெட்டிலும் ஒரு கண்ணி உண்டு. அதன் பகுதிகளை வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். மதுரை–சென்னையும் அதே டிக்கெட்டில் இருந்து, விமான நேரம் சரிப்படவில்லை என்று வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்துவிட்டால், முதல் பகுதியில் ஏறாத காரணத்தால் மீதி எல்லாமே ரத்தாகிவிடக்கூடும். வேலைநிறுத்தப் பதற்றத்தில் இப்படி ரயிலேறி வந்து கவுன்டரில் நின்று அழுதவர்களை ஏஜென்டுகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். நிறுவனத்திடம் பேசி டிக்கெட்டை மாற்றி வாங்கிய பிறகே ரயிலேற வேண்டும்.

அடுத்தது விசா. நம்மைப் போன்ற கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 'மாற்று வழி' என்ற சொல்லே பாதி பொய். ஒரு ஜெர்மானியருக்கு நிறுவனம் எந்த ஊர் வழியாக இருக்கை கொடுத்தாலும் சரிதான். பிறகு விமானம் ரத்தானபோது அக்காவுக்கு வந்த முதல் மாற்று, அமெரிக்க நகரம் ஒன்றின் வழியாக. நல்ல நேரம், நல்ல விமானம். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே குடிநுழைவைக் கடந்தாக வேண்டும். கடந்துபோக விசா வேண்டும். அக்காவிடம் இருந்தது கனடா விசா மட்டும். தானியங்கிக் கணினி கொடுத்த அந்த வழியை, செயலியில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருந்தால் கதை சென்னை கவுன்டரிலேயே முடிந்திருக்கும். பிரிட்டனில் ஒரு விதி, ஜெர்மனியில் ஒரு விதி; இந்தியருக்கு ஒரு விதி, இலங்கையருக்கு ஒரு விதி. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் டிரான்சிட் விசா வாங்க வேண்டிய பட்டியலில் இருக்கிறார்கள். அந்த விசா கையில் இருந்தாலும், அது விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியைத் தாண்டி வெளியே விடாது. இரவு தங்க நிறுவனம் ஓட்டல் அறை தருகிறேன் என்றாலும், ஓட்டல் வெளியே இருக்கிறது; நீங்கள் நாற்காலியில் இருக்கிறீர்கள்.

ஆகவே நடுவூரில் சிக்க வாய்ப்பு இருக்கிறது என்றால், விசா இல்லாத பயணி வீட்டிலேயே காத்திருப்பது மேல். ஏறாமல் இருந்தால் கெட்டுப்போவது தேதி மட்டும்தான். இதைத்தான் அன்று அக்காவிடம் சொன்னேன். "தேதி கெட்டா பிள்ளை காத்திருக்குமாடா?" என்றாள். பதில் இல்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு நிறுவனம் விமானத்தை ரத்து செய்தது. ஏஜென்ட் அமெரிக்க வழியைத் தள்ளிவிட்டு, வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக வேறொரு நிறுவனத்தில் இருக்கை கேட்டுப் பிடித்தார். கட்டணம் கூடவில்லை. கிடைத்தது முந்தைய தேதியிலிருந்து நான்காம் நாள். மதுரை டிக்கெட் போனது போனதுதான். வைகை எக்ஸ்பிரஸில் நாற்பத்தைந்து கிலோவோடு வந்து எழும்பூரில் இறங்கினாள். அவள் டொரொன்டோ சேர்ந்தபோது பேத்திக்கு இரண்டு நாள் வயது.

இழப்பீடு உண்டா என்று பிறகு விசாரித்தேன். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, கசப்பான சுவாரசியம்.

முதலில் ஐரோப்பா. விமானப் பயணிகளின் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குமுறையைக் கொண்டாடுவார்கள். தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு. 'அசாதாரணச் சூழல்' என்றால் நிறுவனம் தப்பிக்கலாம். வேலைநிறுத்தம் அசாதாரணச் சூழலா என்ற வழக்கில் 2021 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அருமையான ஒரு பிரிவினை செய்தது. வான்வழிக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் போன்ற வெளியாரின் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கையில் இல்லை. சொந்த ஊழியர்கள் ஊதியம் கேட்டுச் செய்யும் வேலைநிறுத்தம் தொழில் நடத்துவதன் இயல்பான பகுதி. அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எனவே இழப்பீடு கொடு. எஸ்ஏஎஸ் நிறுவன விமானிகளின் வழக்கில் வந்த தீர்ப்பு இது. படிக்கும்போதே மனம் குளிர்ந்தது.

குளிர்ந்தது சிறிது நேரம்தான். 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. மால்டோவாவின் தலைநகரிலிருந்து வியன்னா வழியாக பாங்காக் போக வேண்டிய பயணியின் வழக்கு. கிளம்பும் ஊரும் சேரும் ஊரும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து, ஒரே பதிவில், ஐரோப்பாவில் விமானம் மட்டும் மாறுகிறவர்களுக்கு இந்த ஒழுங்குமுறையே பொருந்தாது என்பது தீர்ப்பு. சென்னை–ஐரோப்பா–டொரொன்டோ அச்சாக அதே வடிவம். அக்கா ஐரோப்பாவில் இறங்கி உறவினர் வீட்டுக்குப் போகிறவளாக இருந்திருந்தால் 600 யூரோ. மேலே போகிறவள் என்பதால் சுழியம். முழுப் பயணத்தையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்ற கொள்கை இணைப்புப் பயணிகளைக் காப்பதற்காக வந்தது. அவளுக்கு அதுவே எதிராக வேலை செய்தது.

கனடாவின் விதிகள் அந்நாட்டுக்கு வரும் விமானங்களுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே, நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் வேலைநிறுத்தமும் 'நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது' என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். மாற்று இருக்கை தர வேண்டும். பெரிய நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் தன் விமானத்திலோ கூட்டாளி விமானத்திலோ இடம் தர முடியாவிட்டால், பயணி விரும்பினால் பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லையெனில் போட்டி நிறுவனத்திலும் இடம் வாங்கித்தர வேண்டும். இது நல்ல விதி. அக்காவுக்கு இடம் கிடைத்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். இழப்பீடு கிடையாது, சாப்பாடு, ஓட்டல் கட்டாயம் கிடையாது.

மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1999இல் உருவானது, இந்தியா 2009இல் சேர்ந்தது. தாமதத்தால் நேர்ந்த இழப்பை மெய்ப்பித்தால் 6,303 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) வரை, நம் பணத்தில் 7 லட்சத்துக்கும் மேல், கேட்கலாம். நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால் அதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். மதுரை டிக்கெட்டின் சில ஆயிரங்களுக்காக யார் நீதிமன்றம் ஏறுவார்கள்?

கடைசியாக நம் ஊர். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பயணியர் வசதி விதிகள் 2010இல் வந்து, 2016இல் தொகை உயர்த்தப்பட்டவை. ரத்துக்கு 5,000 முதல் 10,000 ரூபாய் வரை. ஒரே டிக்கெட் எண்ணில் இருக்கும் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவரையும் அது கணக்கில் எடுக்கிறது. அது பாராட்டத் தக்கது. ஆனால் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். அரசியல் குழப்பம், இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிவிபத்து, அரசு உத்தரவு; இவற்றோடு வேலைநிறுத்தமும் தொழில் தகராறும். சொந்த ஊழியரின் வேலைநிறுத்தம், வெளியாரின் வேலைநிறுத்தம் என்ற வேறுபாடே இல்லை. தன் ஊழியரோடு பல மாதமாகப் பேசி முடிக்காத நிர்வாகமும், சுனாமியில் அகப்பட்ட நிர்வாகமும் அங்கே ஒன்று.

வெறும் ஏட்டுப் பிரச்சினை என்று இதை ஒதுக்க முடியாது. 2012இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாக உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தபோது ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. அவற்றில் பல, வளைகுடாவுக்கு விடுப்பு முடிந்து திரும்புகிற தொழிலாளிகளின் விமானங்கள். குறித்த நாளில் வேலைக்குச் சேராவிட்டால் வேலையே இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள். 25 பேரை நீக்கிய நிறுவனம், டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி மறுநாளே அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஒரு நாள் பேச்சில் தீர்ந்த ஒன்றை முன்பே பேசித் தீர்த்திருக்கலாம் அல்லவா?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்தெடுக்கும் தற்செயல் விடுப்பையும் வேலைநிறுத்தமாகவே கொள்கிறது. தொழிலாளிகளின் கையைக் கட்டும் சட்டம் என்று சங்கங்கள் இதை எதிர்க்கின்றன. அந்த வாதத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சட்டம் இருக்கிற வரையில் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பயணிகளுக்கு ரத்து பற்றி இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு வேண்டாம் என்பது இயக்குநரகத்தின் பழைய விதி. சங்கம் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியதும் இரண்டு வாரம். அதாவது வேலைநிறுத்தம் வரலாம் என்பது நிர்வாகத்துக்குத் தெரிகிற அதே நாளில் அந்தச் செய்தியைப் பயணிக்கும் தெரிவிக்க முடியும். தெரிந்துகொண்டு பதினான்கு நாள் டிக்கெட்டும் விற்றுவிட்டு, பதினைந்தாம் நாள் 'எங்கள் கையில் இல்லை' என்று சொல்வதை இனி எப்படி ஏற்பது?

முன்னறிவிப்பு வந்த நாளிலேயே, பாதிக்கப்படக் கூடிய ஒவ்வொரு பயணிக்கும் குறுஞ்செய்தி போக வேண்டும். அன்றே கட்டணமில்லாத தேதி மாற்றம் திறக்க வேண்டும். இணைப்பு விமானப் பயணிக்கு மாற்று வழி கொடுக்கும்போது, அவருடைய கடவுச்சீட்டு அந்த வழியில் செல்லுமா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுவூரில் ஓட்டலுக்குப் போக முடியாதவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதற்குத் தடை வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும், வேலைநிறுத்தச் செய்தி வெளியான பிறகு எடுக்கும் பாலிசி அதற்குச் செல்லாது என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் முதல் பக்கத்தில் போட வேண்டும். அதுவரை பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

வெள்ளத்துக்கும் வெடிவிபத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற 'வேலைநிறுத்தம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'நிறுவனத்தின் சொந்த ஊழியர் அல்லாதோரின்' என்ற நான்கு சொற்களைச் சேர்த்தால் போதும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, சட்டத் திருத்தமும் தேவையில்லை. இயக்குநரகத்தின் தலைவர் கையெழுத்திட்டு வெளியிடும் விதி அது; 2016இல் அப்படித்தான் திருத்தினார்கள்.